பொடக்காளியில் ஒரு புகையடுப்பு: உப்புக்கண்டமும் பழைய இரும்பும்



போன மாதம் எங்கள் வீட்டுப் பொடக்காளியில் ஒரு தகர பேரல் நிற்கிற படத்தைப் போட்டிருந்தேன். "சார், அது என்ன ராக்கெட்டா?" என்று கேட்டவர்கள் பலர். "இந்த வயசுல சாராயம் காய்ச்சறீங்களா மச்சான்?" என்று கேட்டார் பெருந்துறையில் இருக்கும் என் மைத்துனர். இரண்டும் இல்லை. அது கறியைப் புகையில் பதப்படுத்துகிற அடுப்பு. அதன் கதையைச் சொல்கிறேன். வரலாற்று வாத்தியார் சொல்கிற கதை, எனவே கொஞ்சம் சுற்றித்தான் வரும். கடைசிவரை படியுங்கள். 1986-87இல் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்கள் அவசியம் படியுங்கள்.

காங்கயம் பக்கம் என் அம்மாயி வீட்டில்தான் சிறுவயது விடுமுறைகள் எல்லாம் கழிந்தன. நோம்பிக்குக் கிடாய் வெட்டினால் அன்றைக்கே தின்று தீராது. அப்போது குளிர்ப்பெட்டி ஏது? மிச்சக் கறியை அம்மாயி விரல் நீளத்துக்கு அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த் தூளும் பிசறி, சணலில் கோத்து வாசலில் கட்டுவார். காக்கா கொத்தாமல் காவல் இருப்பது என் வேலை. நாலைந்து வெயில் கண்டால் கறி கட்டை மாதிரி ஆகிவிடும். அதுதான் உப்புக்கண்டம். பானையில் போட்டு வேடு கட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஒறம்பரை திடீரென்று வந்து நின்றால், நாலு துண்டை நசுக்கி எண்ணெயில் போட்டால் போதும், வீடே மணக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வெயில் ஏமாற்றிவிடும். அப்போது அந்தச் சரம் வாசலிலிருந்து சமையற்கட்டுக்குப் போகும். அடுப்புக்கு நேர் மேலே, உறி கட்டுகிற விட்டத்தில் தொங்கும். காலையும் மாலையும் விறகுப் புகை பட்டுப்பட்டுக் கருஞ்சிவப்பாக ஆகும். வெயில் கண்டதைவிடப் புகை கண்டது ருசி என்று நாங்கள் சண்டை போட்டுத் தின்போம். அம்மாயிக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. "மழை வந்துருச்சு, வேறென்ன பண்றது கண்ணு" என்பார்.

பல வருடம் கழித்துத்தான் யோசித்தேன். நம் ஊரில் வெயிலும் உப்பும் முதல் வழியாகவும், புகை இரண்டாம் வழியாகவும் ஏன் இருந்தது? பதில் வரைபடத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்தின் பக்கமே தடுத்துவிடுகிறது. சுமார் 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குக் காற்றுதான் அதிகம் வருகிறது. கோவையின் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர் அளவுதான். காற்றும் வெயிலும் இருக்கிற ஊரில் கறி தானாகக் காயும். மலையேறிக் குடகுக்குப் போனால் கதை மாறும். அங்கே மாதக்கணக்கில் மழை. எனவே கறியை அடுப்புக்கு மேலேதான் காயவைத்தார்கள். நாகாலாந்தில் பன்றிக்கறியைப் புகையில் தொங்கவிடுவதும் இதே காரணத்தால்தான். கேரளத்துக் குடம்புளியும் புகை கண்டுதான் கருக்கிறது.

கடலிலும் இதைச் செய்திருக்கிறார்கள். நம் மளிகைக் கடையில் மரக்கட்டை மாதிரி கிடக்குமே மாசிக்கருவாடு, அது சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்தது. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவுக்குப் போன இபின் பதூதா இந்த முறையைக் குறித்து வைத்திருக்கிறார். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அது ஏற்றுமதி ஆனதையும் எழுதியிருக்கிறார்.

உப்பு என்று சொன்னேன். அதை லேசாக நினைக்காதீர்கள். கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. சங்க காலத்தில் உமணர் வண்டிகட்டி உப்புக் கொண்டுபோன செய்தியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1805இல் கம்பெனிக்காரன் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கினான். அதன்பிறகு உப்புக்கு வரி கட்டாமல் உப்புக்கண்டம் போட முடியாது என்றாயிற்று. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். எங்கள் குடும்பத்தில் அதைப்பற்றி ஒரு சொல் வழங்கி வந்தது: "ஆடு இருந்துச்சு, தீவனமில்லை, கறி இருந்துச்சு, உப்பில்லை." மெலிந்த ஆடுகளை அது சாகும்முன் அறுத்து, உப்புக்கு வழியில்லாமல் வெறும் புகையில் கட்டினார்களாம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது ஏன் என்று பாடம் நடத்தும்போதெல்லாம் இந்தச் சொல்தான் என் நினைவுக்கு வரும். அந்த வரி 1947இல்தான் நீங்கியது.

சரி, இப்போது பேரலுக்கு வருவோம்.

சென்ற தை மாதம் பேரன் ஊரிலிருந்து வந்தவன், அமெரிக்காவில் தகர பேரலில் கறிக்குப் புகை போடுகிற காணொளி ஒன்றைக் காட்டி, "அப்புச்சி, இது மாதிரி பண்ணலாமா?" என்றான். எனக்கு அம்மாயி வீட்டு விட்டம்தான் கண்முன் வந்தது. இன்றைக்கு விறகடுப்பும் இல்லை, விட்டமும் இல்லை. பேரல் கிடைக்குமே என்று தோன்றியது.

இந்தப் பேரலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1889-90இல் 72 நாளில் உலகத்தைச் சுற்றி வந்த நெல்லி பிளை என்ற பத்திரிகைக்காரப் பெண்மணியை ஆங்கிலப் பாடத்தில் படித்திருக்கலாம். கணவர் காலமான பிறகு அவருடைய இரும்புச் சாமான் தொழிற்சாலையை அந்த அம்மாதான் நடத்தினார். அங்கே வேலை செய்த ஹென்றி வேர்ஹான் என்பவருக்கு 1905இல் எஃகுப் பேரலுக்குக் காப்புரிமை கிடைத்தது. மரப்பீப்பாய் போய் இரும்பு பேரல் வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு உலகத்தில் எங்கு பார்த்தாலும் காலி பேரல். டிரினிடாடில் அதை அடித்து நெளித்து இசைக்கருவி செய்தார்கள். கானா நாட்டுக் கடற்கரையில் பெண்கள் அதை வெட்டி மீனுக்குப் புகை போட்டார்கள். பேரல் அடுப்பில் விறகு அதிகம் பிடிக்கிறது, கை சுடுகிறது, கண் எரிகிறது என்று 1969 வாக்கில் அக்ரா நகரை ஒட்டிய சோர்கோர் என்ற ஊரில் அந்தப் பெண்களையும் சேர்த்துக்கொண்டே புது அடுப்பு ஒன்றை வடிவமைத்தார்கள். ஊர்ப்பெயரே அடுப்புக்கும் பெயராகி, ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் போயிற்று. சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்ற தகர வேலைக்காரர் 1952இல் கடல் மிதவையைப் பாதியாக வெட்டி மூடி போட்ட கறியடுப்பு செய்தார். எல்லாமே கையில் கிடைத்த இரும்பை வைத்துச் செய்தவை.

கையில் கிடைத்ததை வைத்துச் செய்வது என்றால் கோயம்புத்தூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் மில் தொடங்கினார். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதன்பின் மில்லுக்கு உதிரிபாகம், கிணற்றுக்குப் பம்பு, மோட்டார் என்று பட்டறைகள் முளைத்தன. ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி முழுவதும் பிரித்துப்போட்டு மறுபடி மாட்டித்தான் தொழில் கற்றார். அவரும் பாலசுந்தரமும் சேர்ந்து 1937இல் மின்மோட்டார் செய்தார்கள். இன்றைக்கும் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நின்று பார்த்தால், ஒருவர் கழித்துப்போட்டதை இன்னொருவர் தட்டிப்பார்த்து எடைபோட்டு எடுத்துப் போவார்.

நானும் போனேன். கடலை எண்ணெய் வந்த 200 லிட்டர் பேரல் ஒன்றைப் பொறுக்கினேன். பூச்சிமருந்து, ரசாயனம், ஆசிட் வந்த பேரலைத் தொடவே கூடாது. மூடிய பேரலை காஸ் வைத்து வெட்டவும் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் ஆவி பற்றி வெடித்து ஆளே போயிருக்கிறார்கள்.

வெல்டிங்குக்கு ஆள் வேண்டுமே. விசாரித்தபோது, கணபதி பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவரைச் சொன்னார்கள். போய் நின்றேன். முகத்திரையைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தவர், கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "சார், வாங்க. என்னைத் தெரியலீங்களா?" என்றார்.

என்னிடம் படித்த பையன். பெயரை இங்கே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் என்றே எழுதுகிறேன், அவனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை செய்தான். காசு வாங்கமாட்டேன் என்றான். பேரலை நிறுத்திவைத்து, பக்கத்தில் தகட்டுத் துண்டுகளால் தனித் தீப்பெட்டி பற்றவைத்தான். தீ நேரே கறியில் படக்கூடாது, புகையும் சூடும் மட்டும் குழாய் வழியாக வரவேண்டும் என்பது கணக்கு. நான் பழைய போர்வெல் ஜி.ஐ. பைப் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாமுங்க சார். மேல துத்தநாகப் பூச்சு இருக்குது. பத்தவச்சா வர்ற புகை எங்களுக்கே காய்ச்சல் கொடுக்கும். கறிக்கு ஆகவே ஆகாது" என்று பூச்சில்லாத கருப்பு பைப்பை அவனே கொண்டுவந்தான். பேரலின் உள்பூச்சும் வெளிப்பெயின்ட்டும் போக, காலியாக வைத்து இரண்டு முறை விறகு போட்டு எரித்துத் தேய்த்தோம்.

தணலுக்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. தொண்டுப்பட்டிச் சுவரோரம் அப்பாருடைய கவலைச் சால் கிடந்தது. இளையவர்களுக்குச் சொல்கிறேன்: மோட்டார் வருவதற்கு முன்னால் எருது கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த இரும்புச் சால் அது. மின்சாரம் வந்ததும் ஊரெல்லாம் சால்கள் பழைய இரும்புக்குப் போயின. இது ஒன்றுதான் எப்படியோ தப்பியது. அதன் வாயை வெட்டித் தீப்பெட்டிக்குள் உட்காரவைத்தான். முப்பது வருடம் தண்ணீர் சுமந்தது, இப்போது நெருப்பைச் சுமக்கிறது.

முதல் நாள் கறி தோற்றது. புகை நிறைய இருந்தால்தானே நல்லது என்று நான் பச்சை விறகைத் திணித்து, காற்றுத் துளையையெல்லாம் சாத்திவிட்டேன். வெள்ளைவெளேரென்று புகை மண்டியது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். கறி கரிபிடித்து வேப்பங்காயாகக் கசந்தது. "ஏனுங்க, இதுக்கா இத்தன நாளு?" என்றாள் என் வீட்டுக்காரி.

அவன் அடுத்த வாரம் வந்து சுற்றிப் பார்த்தான். சிரித்தான். "சார், நெருப்புக்கு மூச்சு வேணுமுங்க. உள்ள வர்ற காத்துக்கும் வழி வேணும், வெளிய போற காத்துக்கும் வழி வேணும். மூச்சுத் திணறுனா விறகு எரியாது, புழுங்கும். அந்தப் புழுக்கந்தான் கசப்பு." தீப்பெட்டிக்கு அடியில் இழுத்து மூடுகிற மாதிரி தகடு வைத்தான். புகைபோக்கியை இரண்டு அடி உயர்த்தினான். காய்ந்த கொய்யா, மாங்கட்டையும் கொட்டாங்குச்சித் தணலும் போதும் என்றான். கொஞ்ச நேரத்தில் வெண்புகை போய், மெலிசாக நீலம் பாய்ந்த புகை வந்தது. "இப்பச் சரிங்க" என்றான்.

அவன் அந்தத் தகட்டைக் கூடவும் குறைக்கவும் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, எனக்கு 1986 நினைவு வந்து நெஞ்சு அடைத்தது.

அப்போதுதான் சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வு தொடங்கிய சமயம். தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். பதிற்றுப்பத்து சொல்கிற கொடுமணம் அதுதான். மணிக்கற்கள், எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், இரும்பு உருக்கிய உலை, எஃகு செய்த அடையாளம் எல்லாம் கிடைத்தன. பரவசத்தோடு அதை ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். சேர மன்னர்கள், ரோமாபுரி வணிகம் என்று நான் பேசிக்கொண்டே போக, கடைசி பெஞ்சிலிருந்து இவன் எழுந்தான். "சார், அத்தன சூட்டுக்கு உலைக்குக் காத்து எப்படி ஊதுனாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அது பரீட்சைக்கு வராது, உட்காருடா" என்றேன். அடுத்த மாதம் வரலாற்றுத் தாளில் அவன் பன்னிரண்டு மதிப்பெண் எடுத்திருந்தான். தாளைத் தூக்கிப் பிடித்து, வகுப்பு முழுக்கக் கேட்க, "நீ பழைய இரும்புக் கடைக்குத்தான்டா லாயக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். உங்களில் சிலரும் சிரித்திருப்பீர்கள். அந்த அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் ஏன் என்று விசாரிக்கவும் இல்லை.

கொடுமணலில் ஊதுகுழல் துண்டுகள் கிடைத்தன. மண்ணால் செய்த குழாய், நெருப்பின் பக்கம் இருந்த வாய் சூட்டில் கண்ணாடியாக உருகிப்போயிருக்கும். துருத்தி வைத்து அதன் வழியாகத்தான் காற்றைச் செலுத்தினார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த உலைக்காரன் கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வியை அந்த வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நான் அவனை உட்காரவைத்தேன்.

இரண்டாவது ஞாயிறு அன்று, கறி புகையில் இருக்க, திண்ணையில் உட்கார்ந்து இதை அவனிடம் சொன்னேன். ஊதுகுழல் பற்றியும் சொன்னேன். முப்பத்தெட்டு வருடம் தாமதமான பதில். கேட்டுவிட்டு, குழாய் எத்தனை விரல்கடை அகலம், உலைக்கு எந்தச் சாய்வில் வைத்திருப்பார்கள் என்று கேட்டான். அதற்கும் எனக்குத் தெரியவில்லை. இந்த முறை "தெரியாதுப்பா" என்றேன்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு கண்ணு. மன்னிச்சுக்கோ" என்றேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "விடுங்க சார். ஆனா ஒண்ணுங்க, அது கொஞ்ச நாளு இல்ல, ரொம்ப நாளு வலிச்சுதுங்க" என்றான். "பரவாயில்லைங்க" என்று மழுப்பாமல் உண்மையைச் சொன்னானே, அதுதான் எனக்கு அவன் செய்த மரியாதை. இப்போது அவன் பட்டறையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். யாரையும் நாலு பேர் முன்னால் திட்டுவதில்லையாம்.

அன்று நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். பழைய இரும்புக் கடைக்கு லாயக்கு என்பது வசவு அல்ல. இந்த ஊரே அப்படி உருவானதுதான். அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வரலாற்று வாத்தியாருக்குத்தான் தெரியாமல் போயிற்று. அவனைத் தெரிந்தவர்கள் இதை அவனிடம் படித்துக் காட்டுங்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

பேரலுக்குள் சூடு 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். கறியின் நடுவில் 75 டிகிரி வந்தால்தான் வெந்ததாகக் கணக்கு. சூடுமானி வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணளவு வேண்டாம். அரைச் சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் கறி கெடும், நஞ்சாகும்.

அரளிக் கட்டை ஆகவே ஆகாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் கூடாது. நன்றாகக் காய்ந்த சீமைக்கருவேலம் தாராளமாகப் போடலாம். டெக்சாஸ்காரர்கள் கறிக்குப் புகைபோட விரும்பித் தேடும் மெஸ்கீட் மரம் அதனுடைய பங்காளிதான்!

புகை கறியைக் காப்பது எப்படி என்றால், சூட்டில் மேற்பரப்பு காய்கிறது, விறகுப் புகையில் இருக்கும் பினால், அமிலங்கள் கிருமிகளை அண்டவிடுவதில்லை. அதே புகையில் கெடுதலான பொருட்களும் உண்டு. புகையிட்டது, உப்பிட்டது போன்ற பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்தது. எனவே நோம்பிக்கு நோம்பி தின்னுங்கள், தினமும் வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் என்னைப்போல் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அன்று மாலை கறி இறங்கியது. கருஞ்சிவப்பு. அம்மாயி வீட்டு விட்டத்து நிறம். முதல் துண்டை அவனுக்குக் கொடுத்தேன். மென்றுவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலுங்க சார். ஆனா காத்து சரியா இருக்குது" என்றான்.

அடுத்த ஞாயிறும் அடுப்பு எரியும். பழைய ஒன்பதாம் வகுப்பு ஆட்கள் கோவையில் இருந்தால் வாருங்கள். அவனும் வருவான். உங்கள் வீட்டில் உப்புக்கண்டம் எப்படிப் போட்டார்கள், மழைக்காலத்தில் என்ன செய்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்